இலைமேல் எரியும் விளக்கு

செடிக்கு மின்விளக்கு போட்டுப் பார்த்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர், அதற்காக வீட்டிலேயே நீராவி எஞ்சின் ஓட்டினார். வில்லியம் சீமென்ஸ் என்று பெயர். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் தங்கிவிட்ட பொறியாளர். சீமென்ஸ் கம்பெனியைத் தொடங்கிய வெர்னரின் தம்பி. 1880ல் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் இருந்த தன் வீட்டில் கடுகு, கேரட், பீன்ஸ், வெள்ளரி என்று சீக்கிரம் முளைக்கிறவற்றைத் தொட்டியில் போட்டு நான்கு கூட்டமாகப் பிரித்தார். ஒன்று முழு இருட்டில். ஒன்றுக்குப் பகல் வெளிச்சம் மட்டும். ஒன்றுக்கு மின்வெளிச்சம் மட்டும். நான்காவதற்குப் பகலில் சூரியன், இரவில் விளக்கு. நான்காவது கூட்டத்தின் இலைகள்தாம் நல்ல கரும்பச்சையாக வந்தன. அடுத்த குளிர்காலத்தில் எஞ்சினைப் பூட்டி, விளக்கைப் பசுமைக்குடிலுக்கு உள்ளேயே கொண்டுவந்தார். எஞ்சினிலிருந்து வெளியேறிய ஆவியையும் வீணாக்காமல் குடிலைச் சூடாக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

அவர் எரித்தது குண்டுபல்பு இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளை முனையோடு முனை வைத்து, நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதில் மின்சாரத்தைப் பாய்ச்சி எரியவிடும் ஆர்க் விளக்கு. நம் பழைய சினிமாக் கொட்டகைகளில் புரொஜெக்டருக்குள் எரிந்ததும் இதே ரகம்தான். குச்சி தேயத் தேய ஆபரேட்டர் இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். சீமென்ஸுக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே, 1861ல், பிரான்சில் எர்வே மாங்கோன் என்பவர் இந்த ஆர்க் வெளிச்சத்தில் ரை தானிய நாற்று பச்சை பிடிப்பதைக் காட்டியிருந்தார். ஆனால் வெளிச்சம் அதிகமானால் என்ன ஆகும் என்ற கேள்வி நேராக முகத்தில் அறைந்தது சீமென்ஸுக்குத்தான்.

குடிலுக்குள் மூடியில்லாமல் எரிந்த விளக்கு இலைகளை வாட்டியது. இலைகள் சுருண்டன, கருகின. சீமென்ஸ் விளக்குக்கும் செடிக்கும் நடுவில் ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டை வைத்துப் பார்த்தார். கண்ணாடியின் நிழலுக்குள் இருந்த பகுதி நன்றாக இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி வாடியது. ஒரே இலையில் கூட, கோடு கிழித்ததுபோல் எல்லை தெரிந்தது. கார்பன் குச்சி கக்கிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்திருக்கிறது. செடி விளக்கின் சரித்திரத்தில் இந்தப் பாதி வாடிய இலைதான் முக்கியமான சாட்சி என்பது என் கட்சி. பின்னால் வந்த நூற்று நாற்பது வருஷமும் பெரும்பாலும் விளக்கைப் பிரகாசமாக்குவதிலேயே கழிந்தது. அதை இலைக்குத் தக்கபடி அடக்கும் வித்தை கடைசியில்தான் கைக்கு வந்தது.

1890களின் தொடக்கத்தில் விளக்கு அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே லிபர்ட்டி ஹைட் பெய்லி என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் அதே ஆர்க் விளக்கைக் குடிலில் தொங்கவிட்டு, மூடியில்லாமலும் வெள்ளைக் கண்ணாடிக் கூண்டு போட்டும் சோதித்தார். மூடியில்லாத விளக்குக்குப் பக்கத்தில் இருந்த முள்ளங்கி இலைகள் நொந்துபோயின. லெட்டூஸ் கீரை மட்டும் முந்தி விளைந்தது. இன்னொன்றையும் அவர் குறித்துவைத்தார்: ஸ்பினாச் கீரை, விளக்கு வெளிச்சத்தில் இலை பெருக்காமல் அவசரமாகத் தண்டுவிட்டு விதைக்குப் போய்விட்டது. ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. கீரை வளர்க்கிறவனுக்கு அது நஷ்டம், அவ்வளவுதான்.

விளக்கம் கிடைத்தது கஞ்சாச் செடியிடமிருந்து. பாரிஸில் ழூலியன் டூர்னுவா என்ற இளம் ஆய்வாளர் 1912 வாக்கில் ஜப்பானிய ஹாப் கொடியையும் சணல்கஞ்சாவையும் குளிர்காலத்தில் குடிலுக்குள் விதைத்தார். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். வழக்கமாக ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பூக்கவேண்டிய சணல், நாலைந்து இலை விட்டதுமே பூத்தது. உரத்தையும் சூட்டையும் ஈரத்தையும் மாற்றிமாற்றிப் பார்த்துவிட்டு, காரணம் குளிர்காலத்தின் நீண்ட இரவுதான் என்ற முடிவுக்கு வந்தார். மேற்கொண்டு ஆராய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே களத்தில் இறந்துபோனார். ஆறு வருஷம் கழித்து, 1920ல், அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு இருவரும் மேரிலண்ட் மாமத் என்ற புகையிலையையும் பிலாக்ஸி சோயாவையும் வைத்து இதை முழுசாக நிறுவினார்கள். பகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவைத்து, இரவை நீட்டிக் காட்டினார்கள். அவர்கள் வேலை செய்த ஆர்லிங்டன் பண்ணை இருந்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் இன்று பென்டகன் நிற்கிறது.

இந்த இடத்தில் விளக்கின் தொழில் இரண்டாகப் பிரிந்தது. செடிக்கு வெளிச்சம் சாப்பாடு; அதுவே சேதியும்கூட. சாப்பாட்டுக்கு ஏராளமாக வேண்டும். சேதிக்குச் சொற்பம் போதும். ஓசூர்ப் பக்கம் சாமந்தி வளர்க்கிறவர்கள் இரவில் பல்பு சரம் போட்டுவைப்பது சேதி சொல்லத்தான்: இன்னும் கோடைதான், இப்போதைக்குப் பூக்காதே என்று. வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்கள் இரவெல்லாம் ஜொலிப்பதும் அதே கணக்கு, திசை மட்டும் எதிர். அங்கே விளக்கு பூக்கச் சொல்கிறது. இந்தச் சேதியை வாங்கும் நிறமியை 1959ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் அடையாளம் கண்டார்கள்; ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். சிவப்பு பல்பு ஒன்று சற்றுநேரம் எரிந்தாலே அது விழித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பல்பை நம்பி ஒரு செடி உடம்பு வளர்க்க முடியாது. சாப்பாடு போடும் விளக்கு வேறு வழியில் வரவேண்டியிருந்தது. அது தெருவிலிருந்து வந்தது.

1960களின் நடுவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி உயரழுத்த சோடியம் விளக்கைச் சந்தைக்கு விட்டது. கொதிக்கும் சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும். ஒளி ஊடுருவும் அலுமினாப் பீங்கான் குழாய் செய்யத் தெரிந்த பிறகே அந்த விளக்கு சாத்தியமாயிற்று. நெடுஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் என்று செய்த பொருள். எல்இடி வரும்வரை நம் ஊர்த் தெருக்களிலும் அந்த ஆரஞ்சு வெளிச்சம்தானே எரிந்தது. மனிதக் கண் பச்சை, மஞ்சள் பக்கம்தான் கூர்மையாகப் பார்க்கும். அதற்குத் தோதாகச் செய்த விளக்கு. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது ஏராளமாக வெளிச்சம் கொடுத்தது. டச்சுக்காரர்கள் ரோஜாவுக்கும் தக்காளிக்கும் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. டிசம்பரில் அங்கே வானத்திலிருந்து ஒரு நாள் முழுக்க விழும் வெளிச்சம், சென்னையில் மேகமில்லாத ஒரு நாளில் விழுவதில் எட்டில் ஒரு பங்கு தேறினால் பெரிது. வெஸ்ட்லாண்ட் பகுதியின் கண்ணாடிக் குடில்களால் வானமே ஆரஞ்சாகி, பக்கத்து ஊர்க்காரர்கள் தூக்கம் கெட்டுப் புகார் சொல்லி, கடைசியில் இரவில் குடிலுக்குத் திரை போடச் சட்டம் கொண்டுவரவேண்டியதாயிற்று.

அதே விளக்கைக் கள்ளத்தனமாகக் கஞ்சா வளர்த்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே வயலில் வளர்த்தால் ஹெலிகாப்டரில் வந்து பிடித்துவிடுகிறார்கள். ஆகவே அமெரிக்காவில் 1980களில் செடி நிலவறைக்கும் அலமாரிக்கும் குடிபெயர்ந்தது. அங்கே விளக்கே காட்டிக்கொடுக்கும் ஆளாக மாறியது. ஆயிரம் வாட் சோடியம் விளக்கு நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியை நாள் முழுக்க ஆன் செய்துவைத்ததுபோல. நாலு விளக்கு என்றால் நாலு பெட்டி. 1992 ஜனவரியில் ஒரேகான் மாநிலத்தின் ஃபிளாரன்ஸ் என்ற ஊரில், அரசு அதிகாரிகள் காருக்குள் உட்கார்ந்தபடியே எதிர்வீட்டை வெப்பம் காட்டும் கேமராவால் பார்த்தார்கள். கூரையும் ஒரு பக்கச் சுவரும் அக்கம்பக்கத்து வீடுகளைவிடச் சூடு. உள்ளே போனால் நூற்றுக்கு மேல் செடி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வீட்டுக்குள் நடப்பதை இப்படிக் கருவி வைத்து மோப்பம் பிடிப்பதும் சோதனைதான், வாரண்ட் இல்லாமல் செய்யக்கூடாது என்று 2001ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கைலோ வழக்கு என்று இன்றைக்கும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் நடத்துகிறார்கள். தனிமனித அந்தரங்கம் பற்றிய ஒரு பெரிய தீர்ப்புக்கு வித்திட்டது ஒரு செடி விளக்கின் சூடு. நெதர்லாந்தில் இவ்வளவு நவீனம்கூடத் தேவைப்படவில்லை. பனி பெய்த மறுநாள் எந்த வீட்டுக் கூரையில் மட்டும் பனி நிற்கவில்லையோ, அந்த வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும். அங்கே ஐந்து செடிவரை கண்டுகொள்ளாமல் விடுவார்கள். ஆனால் செடிக்குமேல் விளக்கு எரிந்தால் அது தொழில்முறைச் சாகுபடி என்பதற்கு ஓர் அடையாளம்.

அந்தச் சோடியம் காலத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதற்குக் கையே மீட்டர். புறங்கையைச் செடியின் உச்சி மட்டத்தில் அரை நிமிஷம் நீட்டிப் பார்ப்பது. கைக்குச் சுட்டால் செடிக்கும் சுடும், கயிற்றை இழுத்து விளக்கை மேலே ஏற்று. சோடியம் விளக்கைக் குறைத்து எரிக்க முடியாது. சோக்கு போட்டது போட்டபடி எரியும். பிற்காலத்தில் எலக்ட்ரானிக் சோக்கு வந்து பாதி, முக்கால், முழுசு என்று படி வைத்தார்கள். ஆனால் குறைத்தால் விளக்கின் நிறமும் திறனும் கெடும். கயிறுதான் கட்டுப்பாடு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று என்ற பள்ளிக்கூடக் கணக்கு அந்த ஒற்றை பல்புக்கு ஓரளவு ஒத்துவந்தது.

சரியான மீட்டர் எது என்று சொன்னவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீத் மெக்ரீ. 1970களின் தொடக்கத்தில் 22 வகைப் பயிர்களின் இலைகளை எடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அளந்தார். அதுவரை லக்ஸ், லூமென் என்று பேசிக்கொண்டிருந்ததெல்லாம் மனிதக் கண்ணின் கணக்கு. இலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஊதாவிலிருந்து சிவப்பு வரை, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்று எண்ணவேண்டும். எண்ணிக்கை பெரிது என்பதால் மைக்ரோமோலில் சொல்கிறார்கள். உச்சிவெயில் சுமார் 2,000 மைக்ரோமோல். மெக்ரீயின் வரைபடத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது: சிவப்பு நன்றாக வேலை செய்கிறது, நீலம் செய்கிறது, பச்சையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் செய்கிறது. பாடப்புத்தகத்தில் பச்சையத்தைச் சாறு பிழிந்து அளந்த படத்தில் பச்சை நிறத்துக்கு நேரே பள்ளம் விழுந்திருக்கும். உயிருள்ள இலையில் அந்தப் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை. இலைக்குள் பச்சை ஒளி அங்குமிங்கும் மோதி, அடி அடுக்குவரை இறங்கி, கடைசியில் பிடிபட்டுவிடுகிறது.

இந்த வரைபடத்தைப் படிக்காததால் வந்த வினை சில வருஷம் உலகத்தையே ஊதா நிறமாக்கியது. அந்தக் கதை விண்வெளியில் தொடங்குகிறது. விண்கலத்தில் செடி வளர்க்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆட்கள் விளக்கு தேடினார்கள். சோடியம் சூடு, டியூப்லைட் உடையும். கையில் இருந்தது சிவப்பு எல்இடி. 1991ல் புலா, மாரோ, டிபிட்ஸ் உள்ளிட்டவர்கள் சிவப்பு எல்இடி பலகையின் அடியில் லெட்டூஸ் வளர்த்துக் காட்டினார்கள். நீலத்துக்கு மட்டும் டியூப் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பிரகாசமான நீல எல்இடி அப்போது பிறக்கவில்லை. வெறும் சிவப்பில் செடி ஒல்லியாக நீண்டுபோகும். துளி நீலம் இருந்தால்தான் அடங்கி வளரும். 1992ல் கொலம்பியா விண்கலத்தில் அவர்களுடைய வளர்ப்புப் பெட்டி மேலே போயிற்று. 1993ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகமுரா பளிச்சென்ற நீல எல்இடியைச் செய்தார். அகாசாகி, அமானோ இருவரோடும் சேர்த்து அவருக்கு 2014ல் நோபல் கிடைத்தது. 2015 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தில், ஊதா வெளிச்சத்தில் வளர்ந்த சிவப்பு லெட்டூஸை விண்வெளி வீரர்கள் கிள்ளித் தின்றார்கள்.

விண்கலத்துக்கு ஊதா விளக்கு நியாயம். ஒவ்வொரு வாட்டும் கணக்கு. பூமியில் அதையே பெட்டிபோட்டு, சூரியனைவிட மேல் என்று விற்றார்கள். நீலமும் சிவப்பும் கலந்த வெளிச்சத்தின் கீழ் இலை கருப்பாகத் தெரியும். மஞ்சள் பூத்திருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. செடி வளர்க்கிறவனின் கண்ணைக் கட்டிவிடும் விளக்கை எப்படி நல்ல விளக்கு என்று சொல்வது? தலைவலி வேறு. 2014ல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல்சனும் புரூஸ் பக்பியும் சந்தையில் இருந்த விளக்குகளை அளந்தபோது, சிறந்த எல்இடியும் சிறந்த சோடியமும் கிட்டத்தட்ட சரிசமம்: ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 1.7 மைக்ரோமோல். அதற்குப் பிறகுதான் வெள்ளை எல்இடி ஓட்டம் எடுத்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சள் பூச்சு பூசிய, வீட்டு பல்பில் இருக்கிற அதே சரக்குதான். கூடக் கொஞ்சம் ஆழ்சிவப்புச் சில்லுகள். இன்று நல்ல பலகைகள் ஜூலுக்கு 3 மைக்ரோமோலை எட்டுகின்றன.

இந்த விளக்கின் அடியில் வந்து உட்கார்ந்த செடிகளில் ஒன்று, டூர்னுவாவின் சணலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் குணத்தில் நேர் எதிர். 1924ல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி வோல்கா ஆற்றுப் பக்கத்துத் தரிசுகளில் களையாக மண்டிக் கிடந்த ஒரு குட்டைக் கஞ்சாவுக்கு ருடராலிஸ் என்று பெயர் வைத்தார். அங்கே கோடை குறுகியது. இரவு நீளும்வரை காத்திருந்தால் விதை முற்றுவதற்குள் உறைபனி கொன்றுவிடும். ஆகவே அந்தச் செடி இரவைக் கணக்கெடுப்பதையே விட்டுவிட்டது. முளைத்து மூன்று நான்கு வாரம் ஆனதா, பூத்துவிடும். 2000களின் தொடக்கத்தில் ஜாயிண்ட் டாக்டர் என்ற புனைபெயர்க்காரர் இந்தக் குணத்தை வீரியமுள்ள ரகங்களோடு சேர்த்து லோரைடர் என்ற ரகத்தைப் பரப்பினார். ஆட்டோஃப்ளவர் என்று இன்று சொல்லப்படுகிற வம்சம் பெரிதாகக் கிளைத்தது அதற்குப் பிறகுதான். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயதுவந்த ஆளுக்கு மூன்று செடி என்று சட்டம் அனுமதித்ததும், அலமாரி அளவு கூடாரத்தில் வளர்க்கிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துபோகும் இந்தக் குட்டைச் செடி தோதாக அமைந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வீட்டில் ஒரு செடி வைத்தாலும் குற்றம்தான். இது அங்கத்திய கதை.

இந்தச் செடிக்கு விளக்கு சேதி சொல்ல வேண்டியதில்லை. இருட்டுக் கொட்டகை வேண்டாம், பூட்டிவைத்த பன்னிரண்டு மணிநேர இரவு வேண்டாம். சாப்பாடு மட்டும் போட்டால் போதும். அதனால் வெளிச்சத்தின் கணக்கே மாறிப்போகிறது. சாதாரணக் கஞ்சாச் செடியைப் பூக்க வைக்க நாளுக்கு 12 மணிநேரம்தான் விளக்கு எரிக்கலாம். ஆட்டோவுக்கு 18 மணிநேரம், சிலர் 20. பன்னிரண்டு மணிநேரம் 900 மைக்ரோமோல் விழுந்தால் ஒரு நாளில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 39 மோல் சேரும். பதினெட்டு மணிநேரம் என்றால் 600 மைக்ரோமோலிலேயே அதே 39 மோல் வந்துவிடும். அதாவது அதே தீனியை மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தில் ஊட்டிவிடலாம். இதைக் கவனிக்காமல் மற்றச் செடிக்குச் சொன்ன 900ஐ இதற்கும் பதினெட்டு மணிநேரம் வைத்தால் கணக்கு 58 மோலுக்குப் போகிறது. சென்னையின் சித்திரை வெயிலைவிடக் கூட. இலை என்ன செய்யும்? ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து தோணிபோல் ஆகும். உச்சியில் இருக்கிற இலையும் பூங்கொத்தும் மட்டும் வெளுக்கும். கீழே பச்சை, மேலே வெள்ளை. சத்துக் குறை என்று நினைத்து உரத்தைக் கூட்டுகிறவர்கள் நிறையப் பேர்; விளக்கைக் குறைப்பதுதான் வைத்தியம் என்று சட்டென்று தோன்றாது.

ஏனென்றால் பழைய கை மீட்டர் இங்கே ஏமாற்றிவிட்டது. எல்இடியின் கதிரில் அகச்சிவப்பு அநேகமாக இல்லை. புறங்கையை நீட்டினால் இதமாக இருக்கும். சோடியத்தின் அடியில் சுட்டுத் தெரிந்த அளவு, இதன் அடியில் சுடாமலே இலையில் விழுந்துகொண்டிருக்கும். இலையும் அந்தச் சூடு இல்லாமல் குளிர்ச்சியாகவே இருப்பதால் தண்ணீரைக் குறைவாக இழுக்கும். தண்ணீரோடு வரும் கால்சியமும் குறையும். இலையில் துரு நிறத்தில் புள்ளி விழும். எல்இடிக்கு மாறிய முதல் தலைமுறையினர் அறையின் சூட்டை இரண்டு மூன்று டிகிரி கூட்டிவைக்கப் பழகியது இதனால்தான். கைக்குப் பதில் ஃபோன் வந்தது. ஃபோனில் லக்ஸ் பார்த்து, வெள்ளை எல்இடி என்றால் ஏறத்தாழ 65 முதல் 70 வரையிலான எண்ணால் வகுத்தால் மைக்ரோமோல் உத்தேசமாகக் கிடைக்கும். வெயிலுக்கு அந்த எண் 54, சோடியத்துக்கு 80க்கு மேல். கண்ணின் கணக்கை இலையின் கணக்காக மாற்றும் இந்த வகுத்தல்தான் மெக்ரீயின் சொத்து சாதாரண ஆள் கைக்கு வந்துசேர்ந்த வடிவம்.

அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகு. பலகையின் தலைமாட்டில், டிரைவர் பெட்டியின் ஓரத்தில், மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி சின்னதாக ஒன்று. சோடியத்தைக் குறைத்தால் கெட்டுப்போகும். எல்இடியைக் குறைத்தால் உண்மையில் இன்னும் சிக்கனமாக எரியும், மின்னோட்டம் குறையக் குறைய ஜூலுக்குக் கிடைக்கும் ஒளித்துகள் கூடும். தூக்குவதும் குறைப்பதும் ஒன்றல்ல என்பதும் இப்போதுதான் தெரிந்தது. நாலடிக்கு நாலடி பரந்த பலகை, சுற்றிலும் பளபளக்கும் வெள்ளித்தாள் சுவர். இங்கே தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒன்று என்ற கணக்கு பலிக்காது. தூக்கினால் வெளிச்சம் பரவிச் சமமாகும்; அளவு அவ்வளவாகக் குறையாது, சுவரில் கொஞ்சம் வீணாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்: 300 வாட் பலகை, ஜூலுக்கு 2.8 மைக்ரோமோல் என்றால் விநாடிக்கு 840. கூடாரத்தின் தரை ஒன்றரைச் சதுர மீட்டர். எல்லாமே இலையில் விழுந்தால் 560, சிந்தியது போக 500 சொச்சம். பூக்கும் ஆட்டோவுக்கு இது ஏறக்குறைய போதுமான சாப்பாடு. முளைத்து ஒரு வாரமான நாற்றுக்கு இதில் பாதிக்கும் கீழே. வழக்கமாக 200 அளவில் தொடங்கி, மூன்றாம் வாரம் 400, பூவெடுத்ததும் 600, தாங்கினால் 700, 800 என்று படிப்படியாகத் திருகுகிறார்கள்.

நாற்றுப் பருவத்துக்கு இவ்வளவு பயப்படக் காரணம் இருக்கிறது. மற்றக் கஞ்சாச் செடியை வெளிச்சம் சுட்டுவிட்டால் இரண்டு வாரம் கூடுதலாக வளரவிட்டுத் தேற்றிக்கொள்ளலாம். பூக்கும் தேதி வளர்ப்பவன் கையில். ஆட்டோவுக்குத் தேதி செடியின் கையில். இரண்டாம் வாரத்தில் அடிபட்டு நின்றுபோனாலும் நாலாம் வாரத்தில் பூத்தே தீரும், சாண் உயரத்தில் விரல் நுனி அளவுப் பூவோடு. வெளிச்சம் போதாமல் தண்டு நூலாக நீண்டுவிட்டாலும் அதே கதி. அதனால்தான் ஆட்டோ வளர்க்கிறவர்கள் திருகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணச் செடி வளர்க்கிறவர்கள் டைமரைப் பற்றி.

எவ்வளவுதான் உச்சம்? இரண்டு ஆய்வுகளை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சுமன் சந்திரா குழுவினர் 2008ல் தனி இலைகளை அளந்தபோது 25 முதல் 30 டிகிரிச் சூட்டில், 1,500 மைக்ரோமோல் வரை ஒளிச்சேர்க்கை ஏறிக்கொண்டே போயிற்று. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2021ல் ரோட்ரிகஸ் மாரிசன், லுவெலின், ஜெங் மூவரும் முழுச் செடிகளை 120 முதல் 1,800 வரை பல அளவு வெளிச்சத்தில் வளர்த்தார்கள். பூவின் எடை நேர்கோட்டில் ஏறியது, வீரியம் மட்டும் அப்படி ஏறவில்லை. மேல் இலை நிறைந்துபோனாலும் அடி இலைகள் பசியோடு காத்திருக்கின்றன என்பதே விளக்கம். இதைப் படித்துவிட்டுத் திருகை முழுசாகத் திருப்புகிறவர்கள் மறந்துபோவது, அது 12 மணிநேரப் பகலில், கைதேர்ந்தவர்கள் தண்ணீரும் உரமும் காற்றும் அளந்து கொடுத்த செடி என்பது. ஆட்டோக்களை வைத்து அந்த அளவுக்கு நடத்திய சோதனை இல்லை அது. வேறு செடியின் உச்சத்தை இதன் தலையில் கட்டுவது சரியில்லை.

கூட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்க மின்சாரத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூரைக்குள் வளரும் கஞ்சாவுக்குப் போகிறது என்று 2012ல் எவன் மில்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்து வருஷம் கழித்து, 2022ல், ஐரோப்பாவில் எரிவாயுவும் மின்சாரமும் விலை எகிறியபோது டச்சுக் குடில்கள் பல அந்தக் குளிர்காலத்தில் விளக்கையே அணைத்துவைத்தன. சட்டத்தாலும் அண்டை வீட்டார் புகாராலும் முழுசாக மறையாத ஆரஞ்சு வானம், மின்கட்டண ரசீதால் குறைந்தது. மறுபடி ஏற்றியவர்களில் பலர் சோடியத்தைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார்கள். குறைத்து எரிக்க முடியும் என்பதால், மணிக்கு மணி மாறும் மின்சார விலையைப் பார்த்துக் கம்ப்யூட்டரே விளக்கைக் கூட்டிக் குறைக்க வழி பிறந்தது.

ஜெர்மனியில் மூன்று செடிக் கூடாரம் வைத்திருக்கிறவரும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யலாம். மணிக்கொரு விலை வைக்கும் மின் இணைப்பு அங்கே கிடைக்கிறது. சாதாரணச் செடி என்றால் இரவு கலையக்கூடாது. நேரத்தை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. ஆட்டோவுக்கு அந்தக் கவலை இல்லை. ஊரெல்லாம் அடுப்பு மூட்டுகிற மாலை ஐந்து மணிக்கு அணைத்து, பதினொன்றுக்குப் போட்டால் பதினெட்டு மணிநேரம் சரியாக வந்துவிடும்; விலை ஏறியிருக்கிற நேரம் இருட்டில் கழிந்துவிடும். ஒரு நாள் அரைமணி முன்பின் ஆனாலும் அந்தச் செடி கணக்குக் கேட்காது.